பட்டா கேட்காத கூட்டம்: பொதுப் போக்குவரத்தும் சுற்றுச்சூழல் விலக்கும்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் கூடும்போது வழக்கமாக இரண்டு செய்திகளைச் சொல்வோம். 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு நம் சார்பில் அமர்ந்தார். மூன்றாவது செய்தி ஒன்று உண்டு. 1924-ல் சென்னை மாகாணச் சட்டசபையில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்த நகரத்திலும் உள்ள பொதுச் சாலையில், தெருவில், பாதையில் எந்த வகுப்பாரும் நடக்கலாம். பொது அலுவலகத்துக்குள் போகலாம். பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அந்த ஆண்டே அரசாணையும் வந்தது. 'பறையன்' தொடங்கிய அதே 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனார் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்வோம். நம் அரசியலின் தொடக்கத்திலேயே சாலையும் வண்டியும் இருக்கின்றன.

ஆகவே இன்றைய தலைப்பு இந்த மேடைக்கு அந்நியமானதல்ல. ரயிலும் பேருந்தும் காற்றை மாசுபடுத்தும் கார்களைக் குறைக்கின்றன; சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யும் திட்டத்துக்கு எதற்குச் சுற்றுச்சூழல் ஆய்வு, விலக்குக் கொடுத்தால் சீக்கிரம் கட்டிவிடலாமே என்று பல நாடுகளில் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியில் நம் வீடு இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இந்த உரை.

நமக்கு ரயில் வேண்டும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பொதுப் போக்குவரத்துக்கு நாம் எதிரிகள் அல்ல. அதன் முதல் பயனாளிகள். கார் வைத்திருப்பவர் ரயில் வராவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவார். பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் அக்காவுக்குப் பேருந்து வராவிட்டால் அன்றைய கூலி போச்சு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அது எத்தனை குடும்பங்களின் மாதக் கணக்கை மாற்றியது என்று நம் சேரிகளில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது நடக்கும் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர், 3 வழித்தடங்கள். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது சொன்ன மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஒரு வழித்தடம் பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி வழியாகச் சிறுசேரி போகிறது. இன்னொன்று மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வருகிறது. இந்த ஊர்ப் பெயர்கள் நமக்குத் தெரியும். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்ட நம் மக்களை அரசு கொண்டுபோய் வைத்த இடங்கள் இவை. 2000-ல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். நகரத்தின் நடுவில் வாழ்ந்தவர்களை 20 கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பிவிட்டு, எத்தனையோ ஆண்டு கழித்து அங்கே ரயில் வருகிறது. வரட்டும். இன்னும் சீக்கிரம் வரட்டும் என்பதே நம் விருப்பம்.

பட்டியலில் இல்லாத ரயில்

இந்தியாவில் ஒரு திட்டத்துக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் அட்டவணையில் சுரங்கம் இருக்கிறது, அணை இருக்கிறது, அனல் மின் நிலையம், விமான நிலையம், துறைமுகம், நெடுஞ்சாலை எல்லாம் இருக்கின்றன. மலைக்குப் போகும் கம்பிவட ஊர்திகூட இருக்கிறது. ரயில் பாதை இல்லை. மெட்ரோ ரயில் இல்லை.

அட்டவணையில் பெயர் இல்லை என்பதைக் காட்டியே மெட்ரோ நிறுவனங்கள் தங்கள் பாதைக்கு இந்த அனுமதி தேவையில்லை என்கின்றன. பணிமனை, நிலையத்தோடு சேர்ந்த வணிக வளாகம் போன்றவை பெரிய கட்டடங்கள் என்ற வகையில் அறிவிக்கைக்குள் வரலாம். ஆனால் கட்டட வகைக்கு மக்கள் கருத்துக் கேட்பு கிடையாது என்று அதே அறிவிக்கை சொல்கிறது. காடு, கடற்கரை, மரம் வெட்டுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் முழுத் திட்டத்தையும் ஓரிடத்தில் வைத்து, பாதிக்கப்படும் மக்களைக் கூப்பிட்டு, 'இது வரப்போகிறது, என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்கும் கட்டாயம் இல்லை.

இரண்டாவது விலக்கும் இருக்கிறது. 2013-ன் நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நிலமெடுத்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதை முதலில் ஆராய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அதன் நான்காவது அட்டவணை 13 சட்டங்களுக்கு விலக்குத் தந்தது. 1978-ன் மெட்ரோ ரயில்வே கட்டுமானப் பணிகள் சட்டமும், 1989-ன் ரயில்வே சட்டமும் அந்தப் பதின்மூன்றில் உண்டு. 2015-ல் இழப்பீடு, மறுவாழ்வு விதிகளை இவற்றுக்கும் நீட்டித்தார்கள். சமூகத் தாக்க மதிப்பீட்டை நீட்டிக்கவில்லை. காசு கொடுக்கச் சம்மதம். கேள்வி கேட்கச் சம்மதம் இல்லை.

அப்படியானால் சென்னை மெட்ரோவுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கையே இல்லையா? இருக்கிறது. அது கடன் கொடுத்தவர்கள் கேட்டதால் வந்தது. முதற்கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா கடன் தந்தது. இரண்டாம் கட்டத்தில் ஜைக்காவோடு ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை இருக்கின்றன. ஆசிய வளர்ச்சி வங்கியின் 2009 பாதுகாப்புக் கொள்கை, நில உரிமை ஆவணம் இல்லாதவரையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் 40 ஆண்டு வாழ்ந்தவரைச் சென்னை 'ஆக்கிரமிப்பாளர்' என்கிறது. மணிலாவில் இருக்கும் வங்கி அவரைப் 'பாதிக்கப்பட்டவர்' என்கிறது. இதற்காக அந்த வங்கிக்கு நாம் மாலை போட வேண்டியதில்லை. கடன் வாங்குபவரும் கொடுப்பவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கடன் வாங்காத திட்டத்தில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. குடிமக்களுக்கு உரிமையாக இருக்க வேண்டியது, கடன் பத்திரத்தின் நிபந்தனையாக இருக்கிறது.

பட்டா கேட்காத இடம்

கருத்துக் கேட்புக் கூட்டத்தை நாம் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டும்? அந்தக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: முன் வரிசையில் திட்டத்தின் ஆட்கள், பக்கவாட்டில் போலீஸ், மேடையில் அதிகாரிகள், பின்னால் நம் சனம். பேச எழுந்தால் 'சுருக்கமாச் சொல்லும்மா' என்பார்கள். கூட்டம் முடிந்து திட்டம் அப்படியே நிறைவேறியதும் உண்டு. நாங்கள் இதை மறைக்கவில்லை.

ஆனாலும் 2006 அறிவிக்கையின் விதிகளை ஒருமுறை படியுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவர் பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். கடைசியில் நடவடிக்கைகளின் சுருக்கத்தைக் கூட்டத்தாருக்கு அவர்கள் மொழியில் படித்து விளக்க வேண்டும்.

'வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும்' என்ற இடத்தில் நில்லுங்கள். இழப்பீட்டுக்குப் போனால் பட்டா கேட்பார்கள். வீடு ஒதுக்கீட்டுக்குப் போனால் குடும்ப அட்டை, கணக்கெடுப்பில் பெயர், முகவரிச் சான்று. நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல், பணம், இங்கிலீஷ். இந்தக் கூட்டத்தில் மட்டும் எதுவும் கேட்பதில்லை. வந்து நின்றால் போதும். நீங்கள் சொன்னது அரசுப் பதிவில் ஏற வேண்டும். நாளைக்கு வழக்கு என்று போனால், 'இவர்கள் அன்றே சொன்னார்கள்' என்பதற்கு அந்தப் பதிவு சாட்சி. தலைமுறை தலைமுறையாக ஆவணத்திலிருந்து வெளியே வைக்கப்பட்டவர்களுக்கு ஆவணத்துக்குள் நுழைய இருக்கும் மிகச் சில வாசல்களில் இது ஒன்று. விலக்கு என்ற சொல் அந்த வாசலைத்தான் மூடுகிறது. பொறியாளர் வரைபடம் எப்படியும் இருக்கும், மண் பரிசோதனை எப்படியும் நடக்கும். போவது நம்முடைய முறை.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பறக்கும் ரயிலே பாடம். கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை 1990களிலும், வேளச்சேரி வரை 2007-லும் வந்த அந்தப் பாதை, பெருந்தொலைவு பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கியும் போகிறது. நிலம் எடுக்கச் செலவில்லாத இடம் என்று கால்வாயைப் பார்த்தார்கள். வெள்ளநீர் வடியும் வழி குறுகியது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் ஏறும் என்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

இப்போதைய பாதைக்கும் அதே கேள்வி உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அந்தச் சாலை நெடுகத்தான் மெட்ரோவின் தூண்கள் நிற்கின்றன. மடுவின் பக்கத்தில் கண்ணகி நகர். தூண் எங்கே நிற்கிறது, கட்டும் காலத்தில் மண்ணை எங்கே கொட்டுகிறார்கள், மழைக்கு முன் அள்ளுகிறார்களா என்பதெல்லாம் வெறும் பொறியியல் சங்கதிகள் அல்ல. தரைத்தளத்து வீட்டில் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்ற கேள்வி.

ஓக்லாந்தும் பெர்க்லியும்

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1966-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து நகரில் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்தது. அதன் பெயரை ஏற்றுத்தான் 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். கருஞ்சிறுத்தைகள் பிறந்த அந்தக் காலத்தில் அதே ஊரில் ஒரு ரயில் திட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வளைகுடாப் பகுதி விரைவு ரயில்.

மேற்கு ஓக்லாந்தின் ஏழாம் தெரு கறுப்பின மக்களின் கடைத்தெரு. இசை அரங்குகளுக்குப் பேர்போன இடம். ஏற்கெனவே 1957-ல் ஒரு மேம்பால நெடுஞ்சாலை அந்தக் குடியிருப்பை இரண்டாக வெட்டியிருந்தது. அடுத்து ஏழாம் தெருவின் மேல் தூண்களில் ரயில் பாதை வந்தது. இரைச்சலோடு தலைக்கு மேல் ஓடும் ரயிலின் கீழே கடைத்தெரு பிழைக்கவில்லை. அதே ரயில் பக்கத்து நகரமான பெர்க்லிக்கும் போனது. அங்கேயும் தரைக்கு மேல் பாதை போடுவதாகத்தான் திட்டம். பெர்க்லி மக்கள் மறுத்தார்கள். 1966-ல் வாக்கெடுப்பு நடத்தி, கூடுதல் செலவுக்குத் தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு, ரயிலைப் பூமிக்குள் அனுப்பினார்கள். ஒரே ரயில், பக்கத்துப் பக்கத்து ஊர். வரி கட்ட வசதியும் வாக்குக்கு மதிப்பும் இருந்த இடத்தில் ரயில் மண்ணுக்குக் கீழே போனது. மேற்கு ஓக்லாந்தில் தலைக்கு மேல் போனது.

1970-ல் கலிஃபோர்னியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. ஏழைக்கு அது கேடயமாக இருக்க வேண்டியது. பல நேரம் வசதியானவர் கையில் அது தடியாக மாறியது. சான்ஃபிரான்சிஸ்கோவில் சைக்கிள் பாதைத் திட்டத்தை இந்தச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டு 2006 முதல் 2010 வரை நிறுத்திவைத்தார்கள். சாலையில் கோடு போட்டுச் சைக்கிளுக்கு இடம் தர நான்கு ஆண்டு! இந்தத் தாமதங்களைப் பார்த்துத்தான் 2020-ல் அந்த மாநிலம் எஸ்.பி. 288 என்ற சட்டத்தால் பேருந்துத் தடம், சைக்கிள் பாதை, இலகு ரயில் போன்ற பலவற்றுக்கு விலக்குத் தந்தது; 2022-ல் அதை நீட்டித்தது.

அந்த விலக்கில் நாம் கவனிக்க வேண்டியது அதன் நிபந்தனைகள். ஏழைகளுக்கான வீடுகளை இடிக்க வேண்டியிருந்தால் விலக்கு இல்லை. 10 கோடி டாலருக்கு மேற்பட்ட திட்டமானால் மக்கள் கூட்டம் நடத்த வேண்டும். எந்த இனத்தாருக்கு என்ன பாதிப்பு என்ற சமத்துவ ஆய்வும் வேண்டும். அந்த நிபந்தனைகள் போதுமானவையா என்பது அந்த ஊர் மக்கள் சொல்ல வேண்டியது. ஆனால் விலக்குத் தரும் சட்டத்துக்குள்ளேயே வீட்டையும் இனத்தையும் எழுத முடியும் என்று அது காட்டியிருக்கிறது. நம் அறிவிக்கையில் ரயிலின் பெயர் விடுபட்டிருக்கிறது. சாதி என்ற சொல்லைத் தேட வேண்டியதே இல்லை.

சுற்றுச்சூழல் என்ற பெயராலும் நம்மை விரட்டினார்கள்

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி வரும். 'சுற்றுச்சூழல் பேசியவர்கள் நமக்கு எப்போது நல்லது செய்தார்கள்?' நியாயமான கேள்வி. 2019 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடல் அருகே சத்தியவாணிமுத்து நகர் மக்களை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். காரணமாகச் சொன்னது கூவம் ஆற்றுச் சீரமைப்பு. அண்ணா அமைச்சரவையில் இருந்த, பின்னர் ஒன்றிய அமைச்சராகவும் ஆன ஒரு தலித் பெண் தலைவரின் பெயர் தாங்கிய குடியிருப்பு அது. பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளின் புத்தகப் பையோடு லாரி ஏற்றினார்கள். ஆற்றைக் கெடுத்தது குடிசைதான் என்று சொல்பவர்கள், ஆற்றில் வந்து விழும் நகரத்தின் சாக்கடைக் குழாய்களைப் பற்றி அவ்வளவு சத்தமாகப் பேசுவதில்லை.

ஆகவே நாம் 'சுற்றுச்சூழல் வாழ்க' என்று மட்டும் கோஷம் போட முடியாது. 'வளர்ச்சி வாழ்க' என்றும் போட முடியாது. ரயிலுக்கும் நம்மைத் தூக்குகிறார்கள், ஆற்றுக்கும் நம்மையே தூக்குகிறார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது நம்மைக் கேட்காதது. நம் அரசியல் அந்த இடத்தில்தான் கால் ஊன்ற வேண்டும்.

மும்பையையும் பாருங்கள். மெட்ரோ மூன்றாம் வழித்தடத்தின் பணிமனைக்காக ஆரே காலனியில் மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர் 4 அன்று தள்ளுபடி செய்தது. அன்று இரவே வெட்டத் தொடங்கினார்கள். அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம் தடுப்பதற்குள் 2,000-க்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்துவிட்டன. நாடு முழுவதும் மரங்களைப் பற்றிப் பேசியது. ஆரேயில் வார்லி ஆதிவாசிகளின் பாடாக்கள் இருக்கின்றன என்பதைக் குறைவாகவே பேசியது. உச்ச நீதிமன்றம் அந்த விவகாரத்தைக் கையில் எடுத்தது சட்ட மாணவர்கள் எழுதிய ஒரு கடிதத்தின் பேரில் என்பதை இங்கிருக்கும் மாணவர்கள் மறக்க வேண்டாம்.

எதற்கு விலக்கு, எதற்குக் கூடாது

நம் நிலைப்பாட்டைக் கோரிக்கையாகவே வைப்போம்.

ஒன்று: இருக்கும் சாலையில் பேருந்துக்குத் தனித் தடம், நிழற்குடை, நடைபாதை, கூடுதல் பேருந்து, இருக்கும் தண்டவாளத்தில் கூடுதல் ரயில் ஆகியவற்றுக்கு நீண்ட ஆய்வு வேண்டாம். நாளைக்கே செய்யுங்கள். இவற்றால் நம் வீடு போகாது, நேரம் மிச்சமாகும்.

இரண்டு: ஒரு குடியிருப்பு அகற்றப்பட்டாலோ, நீர்வழியில் தூணோ பணிமனையோ வந்தாலோ, நடைபாதைக் கடை, மீன் சந்தை, குப்பை பிரிக்கும் இடம் போன்ற பிழைப்பிடம் போனாலோ அந்தத் திட்டத்துக்கு விலக்கு கூடாது. ரயில் என்றாலும் கூடாது.

மூன்று: கருத்துக் கேட்பு பாதிக்கப்படும் பகுதியிலேயே, கூலி வேலை முடிந்து வருவோருக்குத் தோதான நேரத்தில், தமிழில் நடக்க வேண்டும். 2020-ல் புதிய அறிவிக்கை வரைவை ஒன்றிய அரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே வரைவு, கருத்துச் சொல்லும் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. மொழியும் நாளும் சின்ன விஷயங்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நான்கு: பாதிக்கப்பட்டோர் பட்டியலில் பட்டா இல்லாதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், தெருவோரம் வாழ்பவர்கள் எல்லோரும் வர வேண்டும். எத்தனை பேர் தலித்துகள், எத்தனை பேர் பழங்குடியினர், எத்தனை வீடுகள் பெண்களின் உழைப்பில் ஓடுகின்றன என்பதை அறிக்கை சொல்ல வேண்டும்.

ஐந்து: அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டப்படும் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்திலேயே மாற்று வீடு. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றத்தில் முதல் பங்கு, இடம் கொடுத்தவருக்கு.

அவசரம், தேசியத் தேவை என்று சொல்லித் தரும் விலக்கெல்லாம் செல்லும் என்று பயப்படவும் வேண்டாம். சாலை, குழாய்வழி போன்ற நெடுகப் போகும் திட்டங்களுக்கு மண் அள்ள அனுமதியே வேண்டாம் என்று 2020 மார்ச் 28 அன்று, பொதுமுடக்கம் தொடங்கிய சில நாளில், ஒன்றிய அரசு ஒரு விலக்கு அறிவித்தது. ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு வாய்ப்பே தரவில்லை. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைத் தன்னிச்சையானது என்று ரத்து செய்தது. கேட்காமல் தந்த விலக்கு கேள்விக்கு முன் நிற்கவில்லை.

மாணவர்களுக்கு

கடைசியாக, இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்குச் சில வேலைகள். மெட்ரோவின் சுற்றுச்சூழல் அறிக்கைகளும் மறுகுடியமர்வுத் திட்டங்களும் கடன் கொடுத்த வங்கிகளின் இணையத்தில் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் உங்கள் பகுதியைப் பற்றிய பக்கங்களை ஒரு மாதத்தில் தமிழில் சுருக்கிவிடலாம். அதைக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அறிக்கையில் 'நீர் தேங்கும் வாய்ப்பு இல்லை' என்று எழுதியிருந்தால், போன மழைக்கு எத்தனை படி மூழ்கியது என்று அங்கே இருக்கும் பெரியம்மாக்களிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வாங்குங்கள். புகைப்படம் எடுங்கள். ஒரு பிரதி அதிகாரிக்கு, ஒரு பிரதி நமக்கு. கருத்துக் கேட்பு நடந்தால் அதைக் கையில் எடுத்துப் போங்கள். நடக்காவிட்டால் நாமே தெருவில் ஒரு கூட்டம் நடத்தி, பேசியவர்களின் பெயரோடு பதிவு செய்து, பதிவுத் தபாலில் ஆட்சியருக்கு அனுப்புவோம்.

சீனிவாசனின் தீர்மானத்துக்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது. பொதுப் பாதையில் நடக்கும் உரிமையை அவர் சட்டசபையில் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பாதை எங்கே போக வேண்டும், எந்த வீட்டை இடிக்காமல் போக வேண்டும் என்று சொல்லும் உரிமை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் வேலையை இந்த மாதமே, ஒரு தெருவில் தொடங்குவோம். பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் பெயர் கொடுங்கள்.